வசந்தம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

"அங்கே பனி கொட்டுமாமே! சினிமாவிலே பார்க்கிற மாதிரி எவ்வளவு அழகா இருக்கும்!"

திருச்சியிலிருந்து யார் போன் பண்ணினாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. முதல் நாள் அழகு. முதல் வாரமும் அழகு. அப்புறம் ஐந்து மாதம் அதோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தால்தானே தெரியும்!

நாங்கள் இருப்பது கனடா நாட்டின் நடுவே, மானிடோபா மாகாணத்தின் தலைநகரான வினிபெக்கில். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை சமவெளி. வடக்கேயிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. நவம்பரில் விழுகிற பனி மார்ச் கடைசி வரை, சில வருஷம் ஏப்ரலிலும், தரையில் கிடக்கும். ஜனவரி மாத இரவுகளில் சராசரியே மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே. மைனஸ் 30 என்றால் இங்கே யாரும் அதிசயப்படுவதில்லை. உறைந்து போன ஆற்றின் மேல் குழந்தைகள் சறுக்கி விளையாடுவார்கள். ராத்திரி காரை மின்சாரத்தில் சொருகி வைத்தால்தான் காலையில் எஞ்சின் கிளம்பும். "ஏம்மா, போனுக்குச் சார்ஜ் போடற மாதிரி காருக்கும் போடறீங்களா?" என்று அம்மா வாயைப் பிளந்தாள்.

இந்தக் குளிரில் குழந்தையை வெளியே கிளப்புவது ஒரு தனி வேலை. உள்ளே உடம்போடு ஒட்டின உடை, மேலே ஸ்வெட்டர், பனிக்கான கால்சட்டை, பூட்ஸ், கோட்டு, குல்லாய், கழுத்துக்குத் துணி, கடைசியாகக் கையுறை. எல்லாம் மாட்டி முடிக்கும்போது, "அம்மா, ஒன்னுக்கு!" என்பாள் மூத்தவள். மறுபடியும் முதலிலிருந்து!

வீட்டுக்குள் வேறு மாதிரித் தொந்தரவு. உலையிலிருந்து வரும் சூடான காற்று ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும், குழந்தைகளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வரும். துவைத்த துணிகளை ராத்திரி படுக்கையறையிலேயே கொடி கட்டிக் காயப்போடுவேன். துணியும் காயும், அறைக்கும் ஈரம் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் குளிர்காலம் முழுக்க நெய் மாதிரி உறைந்தே இருக்கும். இட்லி மாவு வெளியே வைத்தால் இரண்டு நாளானாலும் பொங்காது. மின்சார அடுப்பின் கீழே இருக்கிற ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைத்துவிட்டால் விடிவதற்குள் பொங்கிவிடும். தயிருக்கும் அதே வைத்தியம்தான்.

இதெல்லாம் பழகிவிடுகிற கஷ்டங்கள். பழகாத ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நவம்பரில் சின்னவன் பிறந்தான். அம்மா அக்டோபரிலேயே வந்துவிட்டாள். பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் என்று ஒன்றும் குறையில்லை. குளிப்பாட்டி முடித்து அம்மா சாம்பிராணி போட்டதும், கூரையிலிருந்த புகை மணி ஊரைக் கூட்டியது. இவர் ஓடிப்போய் நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறின காட்சியை நினைத்து இன்றைக்கும் சிரிப்போம்.

ஜனவரி முதல் வாரம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அம்மா கிளம்பித்தான் ஆக வேண்டும். அவள் போன பிறகு வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. இங்கே டிசம்பர், ஜனவரியில் காலை எட்டரைக்குத்தான் விடியும். மாலை நாலரை, ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். இவர் இருட்டில் பனியைத் தள்ளிவிட்டு ஆபீஸ் போவார், இருட்டில் திரும்புவார். பகலில் நானும் கைக்குழந்தையும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையும்தான்.

எனக்குப் பசியில்லை. குழந்தை தூங்கினாலும் நான் தூங்கவில்லை. தலை வாரவும் மனசில்லை. இருட்டத் தொடங்கும்போது காரணமில்லாமல் அழுகை வரும். "அம்மா, ஏன் ஜன்னலையே பார்த்துக்கிட்டிருக்கே?" என்று மூத்தவள் கேட்பாள். எனக்குப் பதில் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோரும் ஆறுதலாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "குளிர்காலத்திலே எல்லாருக்கும் இப்படித்தான். வசந்தம் வந்தா சரியாயிடும்."

பொங்கல் வந்தது. வெளியே மைனஸ் 30. மின்சார அடுப்பில் பானை வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிச் சூரியனைத் தேடினோம். தேடினால், ஒன்றல்ல, மூன்று! நடுவே சூரியன், இரண்டு பக்கமும் இரண்டு சின்னச் சூரியன்கள். கடுங்குளிரில் காற்றில் மிதக்கும் பனிப்படிகங்களின் ஊடே வெளிச்சம் வளைந்து வருவதால் இப்படித் தெரியுமாம். "எந்தச் சூரியனைம்மா கும்பிடணும்?" என்று மூத்தவள் துள்ளினாள். இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை இவர் கவனித்தார்.

அந்த வாரமே சின்னவனுக்கு இரண்டாம் மாதத் தடுப்பூசி. குழந்தையைப் பார்த்து முடித்த டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார். ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அதில் பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, அழுகை வந்ததா, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் நினைப்பு வந்ததா என்று வரிசையாக இருந்தன. எடின்பரோ அளவுகோல் என்று அதற்குப் பெயர். 1987-ல் வெளியானது. இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரம் மனசு கலங்குவது ரொம்பப் பேருக்கு உண்டு, தானாகவே போய்விடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய். குளிர்நாட்டில் வெளிச்சம் குறைவதால் வருகிற சோர்வு தனியாக ஒன்று உண்டு. 1984-ல் டாக்டர்கள் அதற்குப் பெயர் வைத்து விவரித்தார்கள். எனக்கு இரண்டும் கலந்திருந்தது. "இது உங்க குணமில்லை, சோம்பலுமில்லை. இது நோய், குணமாகும். ஆனா வசந்தம் வரட்டும்னு விட்டுவைக்கக் கூடாது" என்றார். வசந்தம் வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கைக்குழந்தைக்காரிக்கு அது எத்தனை நீளமான காலம்!

வாரம் ஒரு நாள் ஆலோசகரிடம் போய்ப் பேசினேன். தினமும் காலையில் அரை மணி நேரம் பிரகாசமான விளக்குப் பெட்டியின் முன் உட்கார்ந்து பால் கொடுத்தேன். (கண் நோய் இருப்பவர்களும், மனம் மாறி மாறி உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் போகும் வியாதி உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த விளக்கை உபயோகிக்கக் கூடாது.) தாய்ப்பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு என்றார்கள். எனக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட என் தோழி ஒருத்தி சாப்பிட்டு நன்றாக இருக்கிறாள்.

மற்றதை வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். விடிகாலைப் பாலை இவர் புட்டியில் புகட்டினார். நான் சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரம் தூங்கினேன். எனக்கு இருட்டுகிற மாலை ஐந்து மணி, திருச்சியில் விடிகாலை நாலரை. அந்த நேரத்துக்குத் தினமும் அம்மா போனில் வந்தாள். வாசலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கோலம் போடுவாள். சில நாள் இரண்டு பேரும் ஒன்றுமே பேச மாட்டோம். புள்ளி வைத்துக் கோலம் முடிகிற வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அழுகிற நேரம் அப்படியே கடந்துவிடும்.

உக்ரைன் வம்சத்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு தட்டும் கொஞ்சம் மண்ணும் கொண்டுவந்து, "ஜன்னலோரம் ஏதாவது விதை போடு" என்றார். வீட்டில் இருந்தது வெந்தயம்தான். தூவினேன். சில நாளில் முளை விட்டது. மூன்று வாரத்தில் கீரையாகக் கிள்ளிச் சாம்பாரில் போட்டேன். பிப்ரவரி மாதத்தில் கண்ணுக்குப் பச்சை!

தினமும் கொஞ்ச நேரமாவது வெளியே போ என்றார்கள். மதிய வெயிலில் போவேன். குளிர்நாட்டுக்குக் கைக்குழந்தையோடு வரப்போகும் பெண்களுக்காகச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 28-ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்தில் உறையலாம். மைனஸ் 40 என்றால் 5 முதல் 10 நிமிஷமே. அன்றைக்கெல்லாம் குழந்தையோடு வீட்டிலேயே இருங்கள். விரலோ காதோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் வைத்து, டாக்டரிடம் காட்டுங்கள். கார் இருக்கையில் தடித்த கோட்டோடு குழந்தையைக் கட்டக்கூடாது. விபத்து நேர்ந்தால் கோட்டு அமுங்கி வார் தளர்ந்துவிடும். மெல்லிய உடையோடு கட்டிவிட்டு மேலே போர்வை போடுங்கள். காரை மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டுச் சூடாக்கினால் விஷவாயு வீட்டுக்குள் வரும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு இங்கே தினமும் 400 யூனிட் வைட்டமின் 'டி' சொட்டு மருந்து கொடுக்கச் சொல்வார்கள். அதை மறக்காதீர்கள்.

வசந்தமும் ஒரு நாள் வந்தது. ஆனால் சினிமாவில் வருகிற மாதிரி வரவில்லை! மார்ச்சில் ஒரு நாள் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. மறுநாளே மறுபடி ஒரு அடிப் பனி. உருகத் தொடங்கினால் தெருவெல்லாம் சேறு, சாலையெல்லாம் பள்ளம், ஐந்து மாதக் குப்பை பல்லைக் காட்டும். ஆறு பெருகுமோ என்ற கவலை வேறு. 1997-ல் இங்கே பெரிய வெள்ளம். 1968-ல் கட்டி முடித்த வெள்ளக் கால்வாய்தான் ஊரின் பெரும்பகுதியைக் காப்பாற்றியது. அப்புறம் வாத்துக் கூட்டங்கள் கத்திக்கொண்டே வடக்கு நோக்கித் திரும்பின. ஏப்ரலில், பனி முழுக்கப் போவதற்கு முன்பே, காய்ந்த புல்லுக்கிடையே இளம் ஊதா நிறத்தில் குரோக்கஸ் பூத்தது. மானிடோபாவின் மாகாணப் பூ அது. தண்டெல்லாம் கம்பளி போர்த்தின மாதிரி மெல்லிய ரோமம். மூத்தவள் மண்டி போட்டுத் தொட்டுப் பார்த்தாள். சின்னவன் என் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தான். எனக்கு அதற்கு முன்பே, மார்ச் பனியிலேயே, சிரிப்பு திரும்பியிருந்தது.

பனியே பார்க்காத ஊரில் இருக்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். மூன்றாவது மாடி வீட்டில் கைக்குழந்தையோடு பகலெல்லாம் தனியே இருப்பவளுக்கு மே மாதமும் குளிர்காலமாகத்தான் இருக்கும். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் குழந்தையைக் கொஞ்சுங்கள். கூடவே அம்மாவையும், "நீ தூங்கறியா? சாப்பிடறியா? அழுகை வருதா?" என்று தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் வருகிறது என்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ சொன்னால், அவளைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.