காட்டுப் பாதையும் தார் றோட்டும்

லைப்சிக் நகரின் நடுவால் ஒரு காடு போகிறது. வெள்ளை எல்ஸ்ரர், பிளைசே ஆறுகளின் வெள்ளப்படுகையில் வளர்ந்த காடு. ஊர்க்காரர் 'அவுவால்ட்' என்பார்கள். வசந்தம் வந்தால் மரங்கள் துளிர்க்க முன்னமே நிலமெங்கும் காட்டு உள்ளி முளைத்துவிடும். முதன்முதல் அந்த மணம் மூக்கில் அடித்தபோது, பக்கத்தில் எங்கேயோ தமிழ்ச் சனம் சமைக்குதாக்கும் என்று நாங்கள் திரும்பிப் பார்த்ததுண்டு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அந்தக் காட்டில்தான் மரதன் ஓடப் பழகினோம். மூன்று பேர். ஒருவன் ஊரில் பள்ளிக்கூட மரதனில் வெறுங்காலோடு ஓடி இரண்டாமிடம் வந்தவன். மற்ற இருவருக்கும் ஓட்டம் என்றால் ஷெல்லடிக்கு ஓடினதுதான். முகாமிலிருந்த அண்ணை ஒருவர் எங்களைக் கண்டால் சிரிப்பார். "இவ்வளவு தூரம் ஓடி வந்தது காணாதெண்டு இஞ்சையும் ஓடுறியளோடா?"

அவருடைய சிரிப்புக்குள் பயமும் இருந்தது. 1991 இல் ஹொயர்ஸ்வேர்டா, 1992 இல் றொஸ்ரொக். வெளிநாட்டவரின் இருப்பிடங்களுக்குக் கல்லும் நெருப்பும் வீசியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். ஹொயர்ஸ்வேர்டா நாங்கள் இருந்த அதே சாக்சன் மாநிலம். தனியே ஓடுகிற கறுத்தப் பொடியனைக் கண்டால் துரத்த வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆகையால் ஒருநாளும் தனியே ஓடியதில்லை.

பழக்கினவர் ஒரு கிழவர். 1950 இல் தொடங்கிய லைப்சிக் விளையாட்டு உயர்கல்லூரியில் படித்தவர். கிழக்கு ஜேர்மனிக்குப் பதக்கங்களை அள்ளிக் கொடுத்த அந்தக் கல்லூரி 1990 இன் முடிவில் கலைக்கப்பட்டது. பிறந்த இடத்தில் இருந்தபடியே தன் நாட்டை இழந்தவர் அவர். அதனாலோ என்னவோ எங்களோடு ஒட்டிக்கொண்டார்.

தார் றோட்டுப் போட்டிக்கு ஏன் காட்டில் பழக வேண்டும் என்று கேட்டோம். தார் வாங்கின அடியை அப்படியே முழங்காலுக்குத் திருப்பிக் கொடுக்கும், மண் கொஞ்சத்தைத் தானே தாங்கிக்கொள்ளும் என்றார். வேரும் சேறும் ஒவ்வொரு அடியையும் வேறு வேறாக வைக்கச் செய்வதால் கணுக்கால் உரமாகும். ஆனால் கடைசி வாரங்களில் தாருக்கு வந்தேயாக வேண்டும். ஒரே மாதிரியான வன்மையான அடியை 42 கிலோமீற்றருக்குத் தாங்குவது தனிப் பழக்கம். போட்டிக்கு முந்திய இரண்டு கிழமையும் தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுக்க வேணும்.

ஏற்றம் பழக ஃபொக்கபேர்க் என்ற மேட்டுக்குக் கொண்டுபோனார். மலையில்லாத அந்த ஊரில் அது உலகப்போரின் குண்டுவீச்சில் இடிந்த வீடுகளைக் கொட்டி எழுப்பிய மேடு. 1943 டிசம்பர் 4 ஆம் திகதி விடியமுன் நடந்த குண்டுவீச்சைப்பற்றி அவர் ஓடிக்கொண்டே சொன்னார். எங்கள் கால்களுக்குக் கீழே யாரோ வீட்டுக் குசினிச் சுவர் கிடக்கும் என்று நினைத்தோம். ஒன்றும் கதைக்கவில்லை.

நீண்ட ஓட்டத்தில்தான் சிக்கல் வந்தது. காட்டுப் பாதை தெற்கே கொன்னேவிற்ஸைத் தாண்டி மார்க்கிளேபேர்க்குக்குள் போகும். அது வேறு மாவட்டம். 1982 இலிருந்து இருந்த சட்டப்படி அகதி விண்ணப்பக்காரர் தமக்கு ஒதுக்கிய நிர்வாக எல்லையை அனுமதித் தாளின்றித் தாண்டக்கூடாது. முதல்முறை தண்டப்பணம். திரும்பச் செய்தால் குற்றவியல் வழக்கு, சிறையும் கிடைக்கலாம். காட்டுக்குள் வேலியுமில்லை, பலகையுமில்லை. சரிந்து கிடந்த ஒரு மரத்தை எல்லையென்று நாங்களே வைத்துக்கொண்டு அதில் தொட்டுத் திரும்பினோம்.

கிழவருக்கு இது விளங்கவேயில்லை. 1989 ஒக்ரோபர் 9 ஆம் திகதி நகரச் சுற்றுவீதியில் நடந்த எழுபதினாயிரம் பேரில் அவரும் ஒருவர். "மதில்தான் போய்விட்டதே?" என்று கேட்டார். மதில் உங்களுக்குப் போனது என்று சொல்ல எங்கள் டொச் போதாமல் இருந்தது. சும்மா சிரித்தோம்.

ஒருநாள் பள்ளிக்கூட மரதன்காரன் மரத்தில் திரும்பாமல் ஓடினான். நல்ல மூச்சில் இருந்தான், கால் நிற்கவில்லை என்று பிறகு சொன்னான். காட்டைவிட்டு றோட்டில் ஏறிய இடத்தில் பொலிஸ் வாகனம். ஓடுகிறவனைக் கண்டு மறித்திருக்கிறார்கள். மாதம் 80 மார்க் கைக்காசு வாங்குகிறவனுக்குத் தண்டம் வந்தது. காசைச் சேர்த்துக் கட்டினோம். ஆனால் அவன் அதன்பிறகு ஓடவில்லை. "கேசுக்குள்ள இது வந்திட்டா?" என்பான். அதற்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை.

லைப்சிக் மரதன் 1977 இல் தொடங்கியது. போட்டி நாளில் நாங்கள் இருவரும் ஓடினோம். சந்திகளில் பொலிஸ் கையை நீட்டிக் கார்களை மறித்து எங்களைப் போகவிட்டது. முப்பதாவது கிலோமீற்றருக்குப் பிறகு ஒரு வளைவில் அவன் தோடம்பழம் வெட்டி வைத்துக்கொண்டு நின்றான், ஊரில் செய்கிறமாதிரி. எங்களுக்குத் தந்து மிஞ்சினதைப் பின்னால் வந்த வெள்ளைக்காரருக்கும் நீட்டினான். இருவரும் முடித்தோம். நேரத்தைச் சொன்னால் கிழவருக்கு மரியாதையில்லை.

நாங்கள் ஓடின காலத்தில் காட்டின் தெற்கு முனையில் 1992 வரை நிலக்கரி வெட்டின பெருங்கிடங்கு கிடந்தது. அது நிரம்பி 2000 இல் கொஸ்புடன் ஏரியாகத் திறக்கப்பட்டது. இப்போது சனம் அதைச் சுற்றி ஓடுகிறது. அந்தச் சட்டமும் 2015 இல் தளர்ந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு பெரும்பாலானோர் நாட்டுக்குள் போய்வரலாம். முதல் வரவேற்பு முகாம்களில் இருப்போருக்கு எல்லை இன்னமும் உண்டு.

பத்திரம் கிடைத்தபின் ஒரு வசந்தத்தில் மூன்று பேரும் அந்தப் பாதையால் நடந்தோம். உள்ளி மணத்தது. மரம் உக்கிப் போயிருந்தது. எந்த இடத்தில் கிடந்தது என்பதில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. அவன் மட்டும் சரியாகக் காட்டினான்.