கோலியனூர் கூட்ரோடு: டர்போவா, சூப்பர்சார்ஜரா, நைட்ரஸா?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி சாலையில் கிழக்கே கிளம்பினால், நகரத்துச் சந்தடி குறைந்த சிறிது நேரத்திலேயே கோலியனூர் வந்துவிடும். நேரே போனால் வளவனூர், மதகடிப்பட்டு, வில்லியனூர் தாண்டி புதுச்சேரி. தெற்கே திரும்பினால் பண்ருட்டி, நெய்வேலி, கும்பகோணம். ஆடி மாதத்தில் புத்துவாயம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் ஊரே திணறும். மற்ற நாட்களில் இங்கே கேட்பது வண்டிகளின் சத்தம்தான்.

அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். நின்று கிளம்பும் பேருந்து, சரக்கு லாரி, கரும்பு ஏற்றிய டிராக்டர், வார இறுதியில் புதுச்சேரிக்குப் பறக்கும் கார்கள். பேருந்து வேகமெடுக்கும்போது இன்ஜின் உறுமலுக்கு நடுவே மெல்லிய விசில் ஒன்று கேட்கும். அதுதான் டர்போ. இன்ஜினுக்குக் கூடுதல் பலம் சேர்க்கும் சமாச்சாரம் சினிமாக் கார்களில் மட்டும்தான் உண்டு என்று நினைக்க வேண்டாம். காலையில் வேலைக்குப் போகும் பேருந்திலேயே அது இருக்கிறது.

இந்தச் சாலையில் எப்போதாவது ஒரு பழைய அம்பாசிடரும் போகும். வெளியே தாத்தா காலத்து உடம்பு, உள்ளே வேறு வண்டியின் இன்ஜின். இது நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல. அந்தக் காரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸே செய்த வேலைதான் இது. பல ஆண்டுகள் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினோடு, சுமார் 50 குதிரைத்திறனில் ஓடிய அம்பாசிடருக்கு, 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு நிறுவனத்து 1.8 லிட்டர் இன்ஜினைப் பொருத்தினார்கள். சக்தி 75 குதிரைத்திறனாக உயர்ந்தது. பழைய உடம்புக்குப் புது உயிர் வந்தது.

இன்ஜின் மாற்றிய வண்டியை வைத்திருப்பவருக்கு அடுத்த ஆசை சீக்கிரமே வந்துவிடும்: “இன்னும் கொஞ்சம் பிக்கப் வேணும்.” அதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றின் அடிப்படையும் ஒன்றுதான். அடுப்பில் விறகு கூடினால் மட்டும் போதாது, காற்றும் கூட வேண்டும். அதுபோல இன்ஜினுக்குள் அதிகக் காற்றை, அதாவது ஆக்சிஜனை அனுப்பினால்தான் அதிகப் பெட்ரோலை எரிக்க முடியும்.

முதல் வழி டர்போ. 1905-ல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி காப்புரிமை பெற்ற யோசனை இது. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டியும் சுழலும். போகிற புகையிலேயே பலம் எடுப்பதால் சிக்கனமானது.

இதன் குறையை விழுப்புரம் ஜங்ஷனில் பலரும் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். 1879-ல் புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கிய பாதை இந்த ஜங்ஷனில்தான் பிரிகிறது. மின்சார ரயில்களுக்கு முன் நாடெங்கும் இழுத்த டபிள்யூ.டி.எம்.-2 ரக டீசல் இன்ஜின்கள் டர்போ பொருத்தியவை. 2600 குதிரைத்திறன் கொண்டவை. பெட்டிகளை இழுத்துக்கொண்டு கிளம்பும்போது குபுகுபுவென்று கரும்புகை கக்கும். டீசல் உடனே கூடிவிட்டது, டர்போ வேகம் பிடித்துக் காற்றைக் கொண்டுவரச் சற்று நேரமானது. அந்த இடைவெளிதான் புகையாக வெளியே வந்தது. காரிலும் அப்படித்தான். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு நொடி சும்மா இருக்கும், பிறகு திடீரென்று பாயும்.

இரண்டாவது வழி சூப்பர்சார்ஜர். மாவு மில்லில் மோட்டாரிலிருந்து பெல்ட் போட்டு எந்திரத்தைச் சுற்றுவதைப் பார்த்திருப்போம். அதேபோல இன்ஜினிலிருந்தே பெல்ட் போட்டு ஒரு காற்றழுத்தியைச் சுற்றுகிறார்கள். காத்திருப்பு இல்லை, மிதித்த நொடியே பலம் வரும். ஆனால் சுற்றுவதற்கான சக்தியை இன்ஜினே தர வேண்டும். கையில் கொடுத்துப் பையில் எடுப்பது போல, ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிடும். பெட்ரோல் செலவும் ஏறும். அதோடு, வேறு வண்டியின் இன்ஜின் ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பானெட்டுக்குள், பெல்ட் நேராக ஓடும்படி அதைப் பொருத்த இடம் கிடைப்பதே கடினம்.

மூன்றாவது வழி நைட்ரஸ். மருத்துவமனையில் மயக்க மருந்தோடு பயன்படும் ‘சிரிப்பு வாயு’தான் அது. காற்றின் எடையில் ஆக்சிஜன் சுமார் 23 சதவீதம். இந்த வாயுவில் சுமார் 36 சதவீதம். பொத்தானை அழுத்தினால் சில நொடிகளுக்குப் பாய்ச்சல் கிடைக்கும், சிலிண்டர் தீர்ந்ததும் முடிந்தது. வாயுவுக்கு ஈடாகப் பெட்ரோல் சரியான அளவில் போகாவிட்டால் பிஸ்டன் உருகி ஓட்டை விழும். இன்னொரு சங்கடம் நம் ஊர் வெயில். சுமார் 36 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த வாயு சிலிண்டருக்குள் திரவமாக நிற்காது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அக்னி நட்சத்திர மதியத்தில் கோலியனூர் சாலையோரம் பூட்டி நிறுத்திய காரின் டிக்கி எவ்வளவு கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றையும் தட்டில் வைத்தால், தினமும் ஓட்டும் வண்டிக்கு ஓரளவு பொருந்துவது குறைந்த அழுத்தத்தில் இயங்கும் சிறிய டர்போதான். அதுவும் சும்மா வராது. அழுத்திய காற்று சூடாகும். அதை ஆற்ற இன்டர்கூலர் வேண்டும். சூடு மிஞ்சினால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து ‘டக் டக்’ என்று இன்ஜின் தட்டும். தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் போய்விடும். ரேடியேட்டர், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாமே கூடுதல் பாரத்தைத் தாங்க வேண்டும்.

செலவைச் சமாளித்தாலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. உற்பத்தியாளர் தந்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. இன்ஜினை மாற்றவே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி. புத்தகத்திலும் பதிவாக வேண்டும். அனுமதியில்லாத மாற்றத்தோடு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல் வரலாம். அந்தச் சுமை ஓட்டியவரோடு முடியாது, வீட்டில் இருப்பவர்கள் தலையிலும் விழும்.

வேகம் பிடித்தவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயப் பாதை 1990-லிருந்து இயங்குகிறது. சுமார் 3.7 கிலோமீட்டர் சுற்று. எதிரே மாடும் வராது, டிராக்டரும் வராது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள இன்னொரு பாதைக்குக் கரிவரதன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கரிவரதன் செய்தது இன்ஜின் மாற்ற நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 1980களின் இறுதியில் அவர் மாருதி 800 காரின் சின்ன இன்ஜினை எடுத்து, தாழ்வான, எடை குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தினார். ‘ஃபார்முலா மாருதி’ என்று பெயர். இன்ஜினுக்குப் பலம் கூட்டுவதைவிட, அது இழுக்க வேண்டிய பாரத்தைக் குறைப்பதில் அவர் கவனம் இருந்தது. பின்னாளில் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் இந்த ஃபார்முலா மாருதிதான்.

சாலையில் ஓடும் அம்பாசிடரின் எடையை அப்படிக் குறைக்க முடியாது. ஆனால் பிரேக்கைக் கவனிக்க முடியும். பழைய அம்பாசிடர்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 100-ஐத் தொட்டால் வேகம் கூடியது கால் பங்குதான். நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய சக்தியோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். டர்போவுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் பிரேக், டயர், சஸ்பென்ஷன், ரேடியேட்டர் ஆகியவற்றைப் புதுசு போலச் சரிசெய்து, இன்ஜினையும் நன்றாக டியூன் செய்தால், வண்டி ஓட்டுவதற்கே வேறு மாதிரி இருக்கும்.

கரும்பு வெட்டும் காலத்தில் ஓர் இரவு கோலியனூரைக் கடந்து பார்த்தால் இது விளங்கும். முண்டியம்பாக்கம் ஆலை இருக்கும் வட்டாரம் இது. சாலையின் அகலத்துக்குக் கரும்பு பிதுங்கி நிற்க, பின்விளக்கு தெரியாத டிரெய்லர் ஒன்று மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஹெட்லைட் வெளிச்சத்தில் அது திடீரென்று கண்ணில் படும்போது, பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த நொடியில் கால் தேடுவது பிரேக்கைத்தான்.