ஊசி பிடிக்கும் கை

மலேசியாவில் லாபுப் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில். அங்கே அலகு குத்தும் பெரியவர் ஊசியைத் தொடுமுன் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "நேத்து ராத்திரி என்னப்பா சாப்பிட்டே?" பதில் வரும்போதே வாயை முகர்ந்துவிடுகிறார். பீர் வாடை அடித்தால் ஆள் வெளியே. அன்று காலை ஒருவனை அப்படித் திருப்பி அனுப்பினார். அவன் அம்மா கெஞ்சியும் மசியவில்லை. "சாமி குத்தம் அப்புறம்மா. குடிச்சவனுக்கு ரத்தம் லேசுல நிக்காது."

இந்தக் கைவேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. அங்கே கேமராக்கள் கூட்டமாகப் போய் மொய்ப்பது அலகு ஏறிய முகங்களைத்தான். ஏற்றியவர் அதற்குள் அடுத்த ஆளிடம் போயிருப்பார்.

பெரியவர் பால்மரம் வெட்டியவர். பிறகு கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தபின் இளசுகள் பலருக்கு அங்கே ஷிப்ட் வேலை. திருவிழா என்றால் நீலாயிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் காரில் வந்து இறங்குகிறார்கள். உறுமி மேளக் குழுவும் வெளியூர்தான்.

அலகுகள் ஒரு எவர்சில்வர் தட்டில், கொதிநீரில் போட்டு எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. ஒருவருக்குக் குத்தியது அன்று இன்னொருவருக்குக் கிடையாது. "எங்கப்பா காலத்துல எல்லாருக்கும் ஒரே வேல்தான், விபூதியில துடைச்சுக் குத்துவாங்க. இப்ப மஞ்சக்காமாலை, எய்ட்ஸ்னு எத்தனை இருக்கு" என்றார். ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டும் ரத்தம் வழியே பரவுகிறவை. சுத்தத்தில் அவருக்குச் சமரசம் இல்லை.

முதலில் நாக்கு. விபூதியை அள்ளி அதன்மேல் போடுகிறார். சடங்கு என்று நினைத்தேன். ஈரம் போனால்தான் விரல் வழுக்காதாம். நாக்கை இழுத்துப் பிடித்து, அடிப்பக்கம் தூக்கிப் பார்க்கிறார். நீல நரம்புகள் இரண்டு பக்கமும் ஓடும்; நடுக்கோடு வெறுமையாக இருக்கும். ஊசி அங்கேதான் இறங்க வேண்டும். கன்னத்துக்கு முறை வேறு. ஒரு விரலை வாய்க்குள் விட்டு உள்ளிருந்து தாங்குகிறார். மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே உமிழ்நீர்க் குழாய் திறக்கும் இடம் உண்டு. அதைத் தவிர்த்து, உதட்டோரத்துக்குச் சற்றுப் பின்னால் குத்துகிறார். மேளம் உச்சத்துக்குப் போய், "வேல் வேல்" என்று நாலு பக்கமும் கத்தும் நொடியில் ஊசி போய்விடுகிறது. எதிரில் நின்ற எனக்கே அது எப்போது உள்ளே போனது என்று தெரியவில்லை.

இந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "பட்டையைச் சீவும்போது கத்தி கட்டையைத் தொட்டுச்சுன்னா மரம் புண்ணாயிடும், தம்பி. கிராணி திட்டுவான். அந்தப் பயத்துல படிஞ்ச கை." ரத்தம் ஏன் வருவதில்லை என்றதற்கு மட்டும் "அம்மா இருக்கா" என்று முடித்துக்கொண்டார். மெல்லிய ஊசி தசையை விலக்கிக்கொண்டு போகிறது. பரவசத்தில் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. எடுத்ததும் விபூதி வைத்து அழுத்துகிறார்கள் என்று நான் அடுக்கியதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். மறுக்கவில்லை. தன் திறமைக்கு அம்மன் பெயரைப் போட்டுக்கொள்வதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கூலி பேச வேண்டியதில்லை; வெற்றிலை பாக்கோடு தட்சணை வருகிறது. ஒன்பதடி அலகு கேட்டு வருகிற பையன்களிடம் "அம்மா உத்தரவு இல்லை" என்று சொல்லிவிடலாம்.

மதியம் அவர் பேத்தி வந்தாள். கோலாலம்பூரில் படிக்கிறாள். கீழுதட்டில் வளையம் போட்டுக்கொள்ள ஆசை. தாத்தாவே குத்திவிட்டால் என்ன என்று கேட்டாள். பெரியவர் சிரிக்கவில்லை. "நான் குத்துறது சாயங்காலம் வெளிய வந்துரும். நீ கேக்குறது தங்குற சாமான். அது வேற வேலை, எனக்குத் தெரியாது" என்றார்.

சரியான பதில். அலகு எடுத்த துளை சில நாளில் தானே மூடிக்கொள்ளும். வளையமோ புண்ணை மூடவிடாமல் அதைச் சுற்றித் தோல் வளர வைக்கிறது. முதல் நாலைந்து நாள் உதடு வீங்கும். அதனால்தான் துளையிடும் கடைக்காரர் முதலில் நீளமான கம்பி போடுவார், வீக்கம் வடிந்ததும் குட்டையாக மாற்றுவார். ஆறி முடிய இரண்டு மாதம் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். உப்புநீரில் கொப்பளிக்க வேண்டும், சிகரெட் ஆகாது. கம்பியின் உள்பக்கத் தட்டு ஈறில் உரசிக்கொண்டே இருந்தால் வருடக் கணக்கில் ஈறு தேய்ந்து பல்வேர் தெரியத் தொடங்கும். கடைக்குப் போனால் பிரிக்காத உறையிலிருந்து புது ஊசி எடுக்கிறாரா என்று பார், துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினால் எழுந்து வந்துவிடு என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டவள், "எத்தனை நாளைக்குச் சம்பல் சாப்பிட முடியாது அங்கிள்?" என்றாள். வீக்கம் வடியும்வரை காரமே கூடாது என்றதும் யோசனையில் ஆழ்ந்துவிட்டாள். அன்னதானப் பந்தியில் நெத்திலிச் சம்பல் வேறு இருந்தது.