5 கிராம் இறகுப்பந்து... 3 அடிப் பள்ளம்! கரிசல் மண்ணில் ஒரு ஷட்டில் கோர்ட்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வீடு கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மண்ணைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவார்கள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் அதே மண் உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். பருத்திக்கும் உளுந்துக்கும் தாய்மடி. சுவருக்கும் தரைக்கும் பகையாளி.

அந்த மண்ணில்தான், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் ஷட்டில் கோர்ட் போட ஆசைப்பட்டார். மகள் பத்தாம் வகுப்பு. பயிற்சிக்காக டவுனுக்குப் போய்விட்டு, கடைசி பஸ்ஸில் ஊர் திரும்புவாள். ஒருநாள் அந்த பஸ் வரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு, பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்ற பிள்ளையை அப்பா பைக்கில் கூட்டிவந்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பேட்டை வாங்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, "இனிமே வெளையாட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார். மாடியில் ஒரு ரூம் எடுக்க வைத்திருந்த பணத்தில் அப்பா கை வைத்தது அதற்குப் பிறகுதான்.

கோர்ட் என்பது 44 அடி நீளம், 20 அடி அகலம். சுற்றிலும் ஓட இடம் வேண்டுமே என்று 52-க்கு 26 என முடிவு செய்தார்கள். மேல்மண்ணைச் செதுக்கிவிட்டு நாலு இஞ்ச் கான்கிரீட் போட்டால் போதும் என்றார் கொத்தனார். "கம்பி கட்டிப் போட்ருவோம் அண்ணாச்சி, அசையாது."

சித்திரையில் போட்டார்கள். கார்த்திகையில், நெட் கட்டும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு. தை பிறப்பதற்குள் ஒரு பக்கம் இரண்டு இஞ்ச் தூக்கிக்கொண்டு, கோர்ட் பாளம் பாளமாகப் பிரிந்துவிட்டது. "விடுங்கப்பா, நான் ஆடலை" என்று மகள் சொன்னதுதான் அவரை உலுக்கியது. போன பணத்தைவிட அது பெரிதாக வலித்திருக்கும்.

காரணத்தைக் கண்டுபிடித்தது டிப்ளமோ சிவில் முடித்த தங்கை மகன். கரிசலில் உள்ள களிமண் துகள்கள் அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் பெருக்கும், வற்றினால் சுருங்கும். அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஒரு ஓரத்தில் குளியலறைத் தண்ணீர் பாயும் வாழை. மறு ஓரத்தில், கோடையெல்லாம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் வேப்பமரம். "ஒரு பக்கம் நனையுது, ஒரு பக்கம் காயுது மாமா. முறுக்காம என்ன செய்யும்? அதுவும் காஞ்சு வெடிச்ச மண்ணு மேல கான்கிரீட்ட ஊத்தியிருக்கீங்க. மழைக்கு அது முழுசாப் பெருக்கத்தானே செய்யும்?"

வாழையை இடம் மாற்றி, தண்ணீரைக் குழாயில் வெளியே விட்டாயிற்று. வேம்பு விஷயத்தில்தான் பாட்டி குறுக்கே நின்றார். அது தாத்தா வைத்த மரம். அதிசயமாக, அந்தப் பையனும் பாட்டி கட்சி. மரத்தை வெட்டினால், அது குடித்துக்கொண்டிருந்த ஈரம் மண்ணிலேயே தங்கி, அந்த இடம் இன்னும் உப்புமாம். கோர்ட்டை எட்டடி மேற்கே தள்ளினார்கள்.

மாசியில், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, உடைந்த கான்கிரீட்டை அள்ளிவிட்டு 3 அடி தோண்டினார்கள். பள்ளத்தின் அடியில் சுண்ணாம்புத் தூள் போட்டுக் கிளறி இறுக்கி, அதற்கு மேல் சரள். 40 யூனிட்டுக்கு மேல் போனது. சரள் ஈரத்துக்குப் பெருக்காது. தன் கனத்தால் கீழே இருக்கும் கரிசலையும் அடக்கி வைக்கும். ஒரே நாளில் கொட்டி நிரவிவிட்டுப் போக டிப்பர்காரருக்கு அவசரம். அப்பா லீவு போட்டு வெயிலில் நின்று, அரையடிக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வைத்தார். இந்த வேலையில் பாதி வெற்றி அங்கேதான் இருக்கிறது.

கொல்லை தெற்கே இரண்டடி சரிவு. நிரப்பிய மண் சரியாமல் இருக்கத் தடுப்புச் சுவர் கட்டி, உள்ளே தேங்கும் நீர் வெளியேற அதில் குழாய்த் துண்டுகள் வைத்தார்கள். கோர்ட்டின் அகலவாட்டில், ஓரத்துக்கு ஓரம் 3 இஞ்ச் வாட்டம். ஆடும்போது காலுக்குத் தெரியாது, மழைத் தண்ணீருக்குத் தெரியும். கான்கிரீட் இறுகியதும் பத்தடிக்கு ஒரு கோடு அறுத்தார்கள். விரிசல் விட்டே தீருவேன் என்றால், அந்தக் கோட்டிலேயே விடட்டும்!

ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. தை மாதம் அப்பா ரசமட்டத்தோடு முட்டிபோட்டு மூலை மூலையாகப் பார்த்தார். வேம்பின் பக்கம் அறுத்த கோட்டில் மெல்லிசாக ஒரு விரிசல் இருக்கிறது. மற்றபடி எதுவும் தூக்கவில்லை, இறங்கவில்லை. அவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொள்ளும்போது, அம்மா பரணிலிருந்து பேட்டை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

கரிசக்காட்டுக் காற்றுக்கு 5 கிராம் இறகுப்பந்து நிற்காது. அதனால் காற்று எழும் முன், காலை ஆறு மணிக்கே ஆட்டம். தெருப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். எட்டு மணிக்கு மேல் அம்மாவின் மிளகாய் வற்றல் அங்கே காய்கிறது. மாடி ரூம் இன்னும் எடுக்கவில்லை.