காலடி மண்ணில் ஒளிந்திருக்கும் பகை

குழித்துறையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு சந்திக்கச் செல்லுங்கால், "பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி, சாமி, இனிப்புத் தின்று வந்தது" என்று தாய்மார் முறையிடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். பாவம், இனிப்பின்மேல் வீண்பழி! புழுவின் முட்டை இருப்பது மனித மலம் கலந்த மண்ணிலேதான்.

உருண்டைப் புழுவின் முட்டை கழுவாத கையோடும் காய்கறியோடும் வாய்வழிச் செல்கிறது. கொக்கிப் புழுவோ பெரும்பாலும் வாயை நாடுவதில்லை. ஈர மண்ணில் பொரிந்த அதன் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் குடியேறுகிறது. கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ், புழுக்கள் இருந்த நீர் தம் கையில் சிந்தி அரித்ததிலிருந்தே இவ்வழியைக் கண்டு, 1898-இல் அறிவித்தார். ஒரு புழு உறிஞ்சுவது சிறு துளியே. நூற்றுக்கணக்கில் சேர்ந்தாலோ சோகை, மூச்சிரைப்பு, பிள்ளைகளுக்கு வளர்ச்சிக் குறைவு.

இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தின் நிழல் செறிந்த தோட்டங்கள் இப்புழுவுக்கு ஏற்றவை. 1956 வரை இப்பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. 1920-களின் இறுதியில் அங்கு வந்த ராக்பெல்லர் அறக்கட்டளையினரும் கொக்கிப் புழுவைத் தனியே கவனத்தில் கொண்டனர்.

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையிலானோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் வழங்கியுள்ளனர். நன்று. ஆனால் கொக்கிப் புழு முதியோரையும் விடுவதில்லையே! பிள்ளை மருந்துண்டாலும், வீட்டுப் பெரியவர் குடலிலிருந்து முட்டை மீண்டும் மண்ணுக்கு வரும். இதனாலன்றோ வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2017 முதல் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும், சில ஊர்த்தொகுதிகளில் சிறியோர் பெரியோர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை மருந்து கொடுத்து ஆய்ந்தனர்.

ஐம்பதை நெருங்கும் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை நாம் அறிவோம். பேரப்பிள்ளைக்குத் தவறாது மாத்திரை வாங்கித் தருவார். தாமோ வெளிறிய முகத்தோடு படியேற மூச்சு வாங்குவார். "எனக்கென்ன சாமி, வயதாகிவிட்டது" என்பார். மிகவும் வற்புறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். இரத்தமும் மலமும் சோதித்து, புழு மருந்தோடு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து உள்ள புழுவை நீக்குமேயன்றி, மறுபடி வருவதைத் தடுக்காது என்றும் மருத்துவர் எச்சரித்தாராம். இப்போது அவர் மூடிய காலணி அணிந்தே விடியலில் மரத்தடிக்குச் செல்கிறார், கால் வேகிறது என்று நம்மைக் குறை கூறிக்கொண்டே.