அச்சில்லாச் சக்கரம்

சக்கரம் என்றால் அதற்கு அச்சு ஒன்று வேண்டும். குயவனது திகிரியும், கிணற்று உருளையும், தேரின் காலும் அச்சைப் பற்றியே சுழல்வன. மோட்டார் வண்டி ஓட்டுவோன் கையிலுள்ள ஸ்டீயரிங் சக்கரமும் நீண்ட இரும்புத் தண்டொன்றின் தலையில் நிற்பதேயாகும். ஆனால், 2008ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டிலிருந்து வெளிவந்த சக்கரம் ஒன்றுக்கு அச்சும் இல்லை, தண்டும் இல்லை. வெண்ணிறப் பிளாஸ்டிக் வளையம் அது. அதனை இரு கைகளாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு பக்கம் சாய்த்தால், எதிரே தொலைக்காட்சித் திரையில் ஓடும் வண்டியும் அப்பக்கமே திரும்பும்.

‘மரியோ கார்ட் வீ’ என்பது அவ்விளையாட்டின் பெயர். கார்ட் என்பது மேற்கூரை இல்லாத சிறு பந்தய வண்டி. மீசைக்காரத் தொழிலாளி மரியோ முதலாகப் பன்னிருவர் ஒரு பந்தயத்தில் ஓடுவர். ஓடும் பாதைகள் 32. எரிமலையருகே ஒரு பாதை. கடைத்தெருவினூடே ஒரு பாதை. வானவில்லின்மீதும் ஒரு பாதை உண்டு.

அவ்வெள்ளை வளையத்தைப் பிளந்து பார்ப்பினும் உள்ளே மின்கருவி எதுவும் காணப்படாது. அதன் நடுவிலே பொருத்தப்படும் நீண்ட கைக்கருவியிலேதான் வித்தை இருக்கிறது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சுவர் நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று காண்கின்றார் அன்றோ? அத்தகைய தூக்குக்குண்டு ஒன்றை, கண்ணுக்குப் புலனாகாத அளவிற் சிறிதாக்கி, சிலிக்கான் துணுக்கினுள் நுண்ணிய வில்களில் தொங்கவிட்டிருக்கின்றனர். கருவி சாய்ந்தால் குண்டு சற்றே நகரும். அந்நகர்ச்சியால் மின்னளவு மாறும். அம்மாற்றம் கம்பியின்றியே சென்று திரையிலுள்ள வண்டியைத் திருப்பும். ஆகவே அச்சில்லை என்று மேலே கூறியது ஒருவகையில் பொருந்தாது. நிலமகளின் ஈர்ப்பையே அச்சாகக் கொண்டு சுழலும் சக்கரம் அது.

பேருந்தின் சக்கரம்போல் அதனைப் படுக்கைவாட்டில் பிடித்துத் திருப்புவோர்க்கு வண்டி வசப்படாது. எத்துணைதான் சுழற்றினும் குண்டின் தொங்கும் திசை மாறுவதில்லையாதலால், கருவிக்கு அச்சுழற்சி புலப்படாது. கையை வெடுக்கென்று உதறினாலும் குண்டு ஊசலாடும். சாய்வு எது, உதறல் எது என்று பிரித்தறிய அதனால் இயலாது. சுழற்சியையே நேராக அளக்கும் வேறொரு துணைக்கருவி 2009ஆம் ஆண்டில்தான் வந்தது.

இத்துணுக்கின் குலம் வியப்புக்குரியது. 1990களில் இவ்வகைத் துணுக்குகள் மெய்யான கார்களில் வைக்கப்பட்டன. வண்டி மோதிய அக்கணமே அதனை உணர்ந்து, காற்றுப்பையை விரியச் செய்து, ஓட்டுநரின் உயிரைக் காப்பது அவற்றின் கடமை. மோதலினின்று காப்பதற்குப் பிறந்த பொருளின் வழித்தோன்றல், மோதுவதையே களிப்பாகக் கொண்ட விளையாட்டில் வந்து அமர்ந்தது!

இதனைச் செய்த நின்டெண்டோ நிறுவனம் 1889ஆம் ஆண்டில் கியோட்டோ நகரில் பூச்சித்திரச் சீட்டுகள் செய்யும் கடையாகத் தோன்றியது. சீட்டாட்டத்தில் பாட்டனும் பேரனும் ஒரே பாயில் அமர்ந்து ஆடலாம். வீடியோ விளையாட்டோ வளர வளரக் கடினமாயிற்று. முதல் மரியோ கார்ட் 1992இல் வந்தபோது, திரையை இரண்டாகப் பகுத்து இருவர் ஒருங்கே ஓடுவது அதன் நோக்கமாக இருந்தது. எனினும், நாளடைவில் விளையாட்டுக் கருவிகளில் பொத்தான்கள் பெருகின. இரு பெருவிரல்களுக்கும் இரு நெம்புகோல்கள் வந்தன. பழகியவன் விரல் அவற்றின்மேல் நடனமாடும்; பழகாதவர் அதனை வாங்கவே அஞ்சுவர். 2002 முதல் 2015இல் மறையும் வரை அந்நிறுவனத்தின் தலைவராக விளங்கிய சட்டோரு இவாட்டா, விளையாடாதவர்களையும் விளையாட வைப்பதே தம் பணி என்று கருதினார். 2006இல் வெளிவந்த ‘வீ’ என்னும் பொறி அக்கருத்தின் விளைவேயாகும்.

கியோட்டோவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்க. வண்டி ஓட்டி அறியாத பாட்டி ஒருத்தி வெள்ளை வளையத்தைப் பற்றியிருக்கிறாள். பக்கத்தில் நெம்புகோல் கருவியுடன் பத்து வயதுப் பேரன். வளைவு வருகிறது, சக்கரம் மட்டுமா சாய்கிறது? பாட்டியின் தோள் சாய்கிறது; தலை சாய்கிறது; அமர்ந்திருந்த மெத்தையும் உடன் நகர்கிறது. மேட்டிலிருந்து வண்டி எழும்பும்போது சக்கரத்தை மேலே ஒரு வெட்டு வெட்டினால் வண்டி வானில் கரணம் போட்டுச் சற்று விரைவும் பெறும். அதனை அறிந்ததும் அவள் மேடில்லாத இடத்திலும் வெட்டத் தொடங்குகிறாள். ‘எப்படித் திருப்புவது?’ என்னும் வினா மட்டும் அவள் வாயில் எழவேயில்லை. அவ்வினாவுக்குரிய விடை அவள் கைகளில் முன்னமே இருந்தது.

பேரனுக்கோ ஒரு குறை. வழியிலுள்ள பெட்டிகளைத் தொட்டால் ஆயுதம் கிடைக்கும். முன்னால் ஓடுபவனுக்கு வாழைப்பழத் தோல்தான் பெரும்பாலும் வாய்க்கும். கடைசியில் ஓடுபவருக்கு, வண்டியையே பீரங்கிக் குண்டாக்கிப் பலரைத் தாண்டச் செய்யும் பெரும்படை கிட்டும். முதல்வனையே தேடிச் சென்று தாக்கும் நீல ஆமையோடும் உண்டு. உழைத்து முந்தியவனை அடித்து வீழ்த்துவது முறையோ என்று அவன் கேட்பது நியாயமே. ஓட்டப்பந்தயத்தில் இம்முறை இருப்பின் எவரும் ஒப்பார். ஆயினும், இது கூடத்தில் ஆடும் ஆட்டம். முதற்சுற்றிலேயே முடிவு தெரிந்துவிட்டால் பாட்டி மறுநாள் சக்கரத்தைத் தொடமாட்டாள். பேரனுக்கோ முந்துவதற்கு ஆளிருக்காது.

அன்றியும், எளிமைக்கு இவ்விளையாட்டு விலை பெறாமல் விடவில்லை. வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டுத் திருப்பும் கலை ஒன்று உண்டு. அதனைப் பொறியே பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிடலாம். ஆனால் சறுக்கி மீளும்போது கிடைக்கும் திடீர் விரைவு அவ்வாறு விட்டவருக்குக் கிடையாது. நுண்ணிய திருப்பங்களில் சாய்க்கும் கையைவிட நெம்புகோலின்மேல் நிற்கும் விரலே கூர்மையுடையது என்பதும் பழகியவர் அறிந்த செய்தி. ஆகவே, கடிகாரத்தோடு போட்டியிடுவோர் பெரும்பாலும் நெம்புகோலையே நாடினர். எனினும் மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்ற அவ்விளையாட்டில், சக்கரத்தையே விடாது பற்றி, அதனாலேயே வல்லவராயினாரும் உளர்.

‘வீ’ பொறியின் காலம் முடிந்துவிட்டது. 2017இல் ‘ஸ்விட்ச்’ என்னும் பொறிக்கு வந்த மரியோ கார்ட்டில், சாய்வையும் சுழற்சியையும் ஒருங்கே அளக்கும் கருவிகள் உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருளுக்குள் அமைந்தன. வளையம் விரும்புவோர்க்கு மட்டும் என்றாயிற்று. வண்டி பாதையின் விளிம்பைத் தாண்டாமல் தடுத்துத் திருப்பும் துணையொன்றும் அதில் உண்டு. அத்துணையைப் பெற்ற வண்டியின் பின்புறத்தில் சிறிய அலைவாங்கிக் கம்பி ஒன்று நிற்கும். பிறர் அதனைக் காணலாம். அவ்வண்டி பள்ளத்தில் விழாது. ஆனால், சறுக்கி மீள்வோர்க்குரிய விரைவுகளுள் தலையாயது அதற்கு வாய்க்காது. புல்வெளியூடே செல்லும் குறுக்குவழியும் அதற்கு மூடப்பட்டே இருக்கும்.