தீவக உலாவும் சாட்டி நன்னீரும்

விடுமுறையிற் குடும்பத்தோடு மோட்டார் வண்டியில் உலாவ விரும்புவோர்க்கு யாழ்ப்பாணத்துத் தீவகம் மிகவும் ஏற்றது. விடியற்காலையிற் கோட்டையடியிலிருந்து புறப்பட்டுப் பண்ணைத் தாம்போதியின்மேற் செல்வோமாயின், இருமருங்கும் ஆழங்குறைந்த கடல் விரியும்.

படகு நமக்காகக் காத்திராது. ஆதலின் முதலில் வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து குறிகட்டுவான் துறையை அடைதல் நன்று. வண்டியை அங்கே நிறுத்திப் படகேறினால், நயினாதீவில் நாகபூசணி அம்மனைத் தரிசித்து நண்பகலளவில் மீளலாம். நெடுந்தீவின் குதிரைகளையும் பவளக்கல் மதில்களையும் பெருக்குமரத்தையும் காண்பதற்குத் தனியே ஒரு நாள் ஒதுக்குக.

பிற்பகலில் ஊர்காவற்றுறைக்குச் செல்வோம். அதற்கும் காரைநகருக்கும் இடையே நீர்நடுவில் நிற்கின்றது, போர்த்துக்கேயர் கட்டிய கடற்கோட்டை. 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, குடிநீர் அற்றமையால் உள்ளிருந்தோர் பணிந்தனர்.

அந்நீரின் அருமையைச் சாட்டியிற் காணலாம். மாலையில் அவ்வெண்மணற் கரையிற் பிள்ளைகள் கடலாடி மகிழட்டும். கரையருகே, கிணறுகளில் நன்னீர் ஊறுகின்றது! மணலில் இறங்கிய மழைநீர், கனத்த உவர்நீரின்மேல் மெல்லிய படையாய் மிதக்கின்றது. மிகுதியாக இறைத்தால் உவர் மேலேறிவிடும். ஏறியது எளிதில் இறங்காது. அயலூர்கள் குடிப்பதும் இந்நீரையே.

ஆகவே, குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்வோம். கடலாடியபின் உப்பைக் கழுவ ஆளுக்கொரு வாளி போதுமென்று புறப்படுமுன்னரே பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.